பஞ்சாயத்தார் கையெழுத்து: துப்பறியும் நாவலில் கதையைச் சொல்வது யார்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவாக ஏனாத்தூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  முன்னால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள்.

பண்டிதர் நினைவுச் சொற்பொழிவில் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர் தோழர் தொலைபேசியில் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. "பௌத்தம் இருக்கு, பூர்வீகம் இருக்கு, பத்திரிகை இருக்கு. துப்பறியும் நாவலா?" என்றார். அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவலுக்கும் பண்டிதருக்கும் என்ன தொடர்பு என்று நீங்களும் நினைக்கலாம். தொடர்பு இருக்கிறது. பண்டிதர் செய்ததே துப்பு வேலைதான் என்று நான் நினைக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நந்தன் கதை உங்களுக்குத் தெரியும். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னபடி, ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் தில்லைக்குப் போகிறார். ஊர் எல்லையில் நின்று உள்ளே போக முடியாமல் தவிக்கிறார். இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி என்னிடம் வா என்கிறார். தில்லை அந்தணர்களின் கனவிலும் வந்து, தீ அமைத்துக் கொடுங்கள் என்கிறார். அவர்கள் அமைக்கிறார்கள். நந்தனார் தீயில் இறங்குகிறார், பூணூலோடு முனிவராக எழுகிறார், கோயிலுக்குள் போகிறார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை.

இதை ஒரு வழக்குக் கோப்பாக வைத்துப் படித்துப் பாருங்கள். உள்ளே போன ஒருவர் திரும்பவில்லை. தீ மூட்டியவர்களே சாட்சிகள். மூட்டச் சொன்ன உத்தரவுக்கு ஆதாரம் அவர்கள் கண்ட கனவு. நந்தன் பக்கத்திலிருந்து ஒரு சாட்சியும் இல்லை. அவர் வீட்டாரை யாரும் விசாரிக்கவில்லை. ஆதனூருக்கு யாரும் போகவில்லை. கோப்பு மூடப்பட்டது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கி இன்னும் இறுக்கமாக மூடினார்.

அந்தக் கோப்பைத் திறந்தவர் பண்டிதர். இந்திரர் தேச சரித்திரத்தில் அவர் சொல்லும் நந்தன் பண்ணையாள் இல்லை, பௌத்த அரசன். சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். அந்தச் சரித்திரத்தில் எது ஆவணத்தில் நிற்கும், எது நிற்காது என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். என் தொழில் கதை எழுதுவது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பண்டிதர் கதையைச் சொல்லும் ஆளை மாற்றினார். தீயைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன கதையை, செத்தவனின் ஆட்கள் சொல்லும் கதையாக மாற்றினார். அந்த நிமிடமே முக்தி கொலை ஆகிவிட்டது. புதிய தடயம் ஒன்றும் தேவைப்படவில்லை. சொல்பவர் மாறினாலே போதும், அதே தீ வேறு தீயாகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒன்பது வருடமாக நான் ஒரு துப்பறியும் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு தடவை கிழித்துப் போட்டாயிற்று. நடந்தது என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, அது என் சொந்த வீட்டில் நடந்தது. அதை யார் வாயால் சொல்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இன்று அந்தச் சிக்கலை உங்கள் முன் பிரித்துப் போடுகிறேன்.

முதலில் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1841இல் எட்கர் ஆலன் போ எழுதிய கதையில் துப்பறிபவர் ஒருவர், கதையைச் சொல்பவர் அவருடைய பெயரில்லாத நண்பர். 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தபோது அந்த நண்பருக்கு வாட்சன் என்று பெயர் கிடைத்தது. ஏன் நண்பர் சொல்ல வேண்டும்? ஹோம்ஸே சொன்னால் அவர் மனத்தில் ஓடுவதையும் சொல்லியாக வேண்டும், விடை பத்தாம் பக்கத்திலேயே வெளியே வந்துவிடும். மறைத்தால் வாசகர் ஏமாற்று என்பார். வாட்சன் ஹோம்ஸ் பார்த்ததையெல்லாம் பார்ப்பார், ஆனால் அவருக்குப் புரியாது. நாமும் அவரோடு சேர்ந்து புரியாமல் நடப்போம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். 1926இல் அகதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்டின் கொலை' நாவலில் இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கினார். படிக்காதவர்கள் இருப்பீர்கள், அதனால் எப்படி என்று சொல்லப் போவதில்லை.

தமிழுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. 1894இல் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ்காரரை வைத்து எழுதினார். பிறகு ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு வரிசை. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக் குடித்தே கண்டுபிடித்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் வந்தார்கள். இவற்றை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. வாடகை நூலகத்தில் நாளைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே அந்தப் புத்தகங்களால்தான்.

ஆனால் அவற்றில் நம் ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் வருகிறார்கள். விடிகாலையில் குப்பை அள்ள வந்தவர் பிணத்தைப் பார்த்துக் கத்துகிறார். தண்டவாளத்தில் கேங்மேன் பார்க்கிறார். வாட்ச்மேன் கைகட்டி நின்று "தெரியாதுங்கய்யா" என்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் இவர்கள் யாரும் இல்லை. பிணத்தை முதலில் காண்பவர், ஏரியில் இறங்கி மேலே இழுத்துப் போடுபவர், சவக்கிடங்கில் அதை அறுப்பவர், கடைசியில் குழி வெட்டுபவர், இவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொலையை மிக அருகில் இருந்து பார்ப்பவர்கள் நாம். கதையில் மிகக் குறைவாகப் பேசுபவர்களும் நாமே.

அப்படியானால் அவர்களைப் பேச வைத்தால் முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது அவ்வளவு சுலபமாக இல்லை என்பதைத்தான் ஒன்பது வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் புரியும். எங்கள் ஊர் இங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். காலனியில் அப்போது முப்பது தறி இருந்தது. எல்லாம் கூலித்தறி. முதலாளி பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார், சேலையை நெய்து கொடுக்கும்போது திரும்ப எடை போடுவார். குறைந்தால் கூலியில் பிடிப்பார். தறி போட்ட நாளில் வாங்கிய முன்பணம் ஒரு நோட்டில் இருக்கும். அது கூடுமே தவிரக் குறையாது. கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடா. நெசவாளர் ஒருவரால் மூன்று நாடாவையும் சமாளிக்க முடியாது, கரை நாடாவை வீசிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார வேண்டும். எங்கள் அப்பாவின் தறியில் அந்தப் பையன் நான். (வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அப்பா என்றே சொல்கிறேன்.) 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்கும் என் தம்பிக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

1991. என் சித்தப்பா நெய்து கொடுத்த சேலையில் ஜரிகை எடை குறைந்தது. திருடிவிட்டான் என்றார்கள். கணக்கைப் பேசிவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போனார். காலனியே பார்க்க நடந்து போனார். மூன்றாம் நாள் ஏரி மதகருகே கிடந்தார். அவருக்கு வயது 26. தீராத வயிற்றுவலி காரணமாக வாழ்க்கையில் விரக்தியடைந்து தானாகவே ஏரியில் விழுந்து இறந்துவிட்டதாகக் கோப்பு முடிந்தது. சித்தப்பாவுக்கு வயிற்றுவலி இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் காவல் நிலையக் கோப்புகளில் எத்தனை பேர் தீராத வயிற்றுவலியால் செத்திருக்கிறார்கள் என்று யாராவது ஒரு மாணவர் கணக்கெடுத்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

இதில் மர்மம் என்ன இருக்கிறது? யார் செய்தது என்பதா? காலனியில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். ஊர்த் தெருவிலும் தெரியும். துப்பறியும் நாவல் என்ற வடிவமே, தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது, முடிவில் எல்லாருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நம் கொலைகளில் தொடக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முடிவில் கோப்புக்கு மட்டும் தெரியாது. தெரிந்த ஒன்று படிப்படியாக எப்படித் தெரியாததாக ஆக்கப்பட்டது என்பதே இங்கே கண்டுபிடிக்க வேண்டியது. அதற்கு வாட்சன் உதவ மாட்டார். ஒன்றும் புரியாமல் கூடவே நடக்கும் கதைசொல்லியை வைத்தால், தெரியாத மாதிரி நடிக்கும் ஊரோடு நானும் சேர்ந்து நடித்ததாக ஆகிவிடும்.

முதல் பிரதியில் அந்தத் தவறைத்தான் செய்தேன். வெளியூரிலிருந்து வரும் இளம் சப்-இன்ஸ்பெக்டர், நேர்மையானவர், படர்க்கையில் அவர் தோளுக்குப் பின்னால் இருந்து சொன்னேன். எண்பது பக்கம் எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால், எங்கள் காலனி ஆட்கள் பேசும் வசனம் எல்லாம் ஒன்றே: "தெரியாதுங்க." அவர் ஜீப் நுழைந்ததும் காலனி வாயை மூடிக்கொண்டது. வேறென்ன செய்யும்? என் ஆயா அந்த நாவலில் ஒரு கிழவி. "ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தாள்" என்று எழுதியிருந்தேன். என் ஆயாவை நானே அப்படி எழுதியிருந்தேன்.

வெளியாளின் கண்ணால் நம்மைப் பார்க்கும் சிக்கல் பெரிய எழுத்தாளர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். டெல்லியில் படித்த இரண்டு பேர் கிராமத்துக்கு வந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்வைக்குப் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாடு பெரிதாகத் தெரிந்தது. குடிசைக்குள் இருந்தவர்கள் பேசியிருந்தால் அரைப்படி நெல் கூலியும் செங்கொடியும் அல்லவா முன்னே வந்திருக்கும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. இதில் நாவலாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1973இல் உயர் நீதிமன்றமும் ஒரு கதைசொல்லிதான். பெருநிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி அனைவரையும் விடுதலை செய்தது. எது நம்பத்தக்கது என்பது நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

சரி, வெளியாள் வேண்டாம், நம் ஆளே துப்பறியட்டும் என்று இரண்டாம் பிரதியைத் தொடங்கினேன். இதற்கு உலகத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. வால்டர் மோஸ்லி என்ற கறுப்பின எழுத்தாளர் 1990இல் 'டெவில் இன் எ ப்ளூ டிரஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். 1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ். ஈஸி ராலின்ஸ் என்பவருக்கு வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் கட்ட வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் அவரிடம் பணம் கொடுத்து ஒரு பெண்ணைத் தேடச் சொல்கிறார். ஏன் அவரிடம்? கறுப்பர்களின் மதுக்கடைக்குள் வெள்ளைக்காரர் போனால் பேச்சு நின்றுவிடும், ஈஸி போனால் நிற்காது. அவர் துப்பறிவதற்கான தகுதியே அவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதுதான். அதே காரணத்தால் போலீஸ் அவரையே பிடித்து அடிக்கவும் செய்கிறது. தேடுபவரும் சந்தேகப்படுபவரும் ஒரே 'நான்'. இந்த அமைப்பை மாணவர்கள் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

நான் அதைத் தமிழில் செய்து பார்த்தேன். சென்னையிலிருந்து ஊர் திரும்பும் நம் வழக்கறிஞர் ஒருவர், 'நான்' என்று சொல்கிறார். இருநூறு பக்கம் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். என் மனைவி படித்துவிட்டு, "இவரு வர்ற வரைக்கும் காலனியில யாருக்கும் மூளையே இல்லாம இருந்துச்சா?" என்று கேட்டார். அதையும் கிழித்தேன்.

மூன்றாவதாகச் சவக்கிடங்கு ஊழியரை எடுத்துக்கொண்டேன். மருத்துவர் வாசலில் நின்று சொல்ல, உள்ளே கத்தி பிடிப்பவர் இவர். நுரையீரலில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதைக் கையால் தொட்டு அறிந்தவர். அவர் குரல் நன்றாக வந்தது. ஆனால் உடம்பு அவரிடம் வரும்போது கதை முடிந்துவிடுகிறது. தறி, ஜரிகை, எடைக்கல், நோட்டு எதுவும் அவருக்குத் தெரியாது. கொலை ஏரியில் நடந்தாலும் காரணம் தராசில் இருக்கிறது. அவரை முழு நாவலுக்கும் கதைசொல்லியாக வைக்க முடியவில்லை. ஒரே ஓர் அத்தியாயத்துக்கு வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டுக் கோப்பைத் தேடத் தொடங்கினேன். கோப்பு எந்தக் குரலில் பேசுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வழியாக ஆயாவின் வாக்குமூலத்தின் நகல் கிடைத்தது. "நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எனக்கு இரண்டு மகன்கள். இளைய மகனுக்கு நீண்ட நாட்களாக வயிற்றுவலி இருந்து வந்தது" என்று போகிறது. தன்மைக் கூற்று. சுத்தமான எழுத்து. ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "யாருடா இந்தப் பொம்பள?" என்று கேட்டார்.

தோழர்களே, தமிழில் அதிகமாக எழுதப்படும் தன்மைக் கூற்றுக் கதை காவல் நிலையத்தில்தான் எழுதப்படுகிறது. எழுதுபவருக்குப் பெயரே ரைட்டர். அவர் எழுதும் 'நான்' அவர் இல்லை, சொல்பவரும் இல்லை. விசாரணையின்போது போலீஸிடம் சாட்சி சொன்ன வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 162ஆம் பிரிவு, 2024 ஜூலை 1க்குப் பிறகு வந்த புதிய சட்டத்தில் 181ஆம் பிரிவு. மிரட்டிக் கையெழுத்து வாங்கிச் சாட்சியைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு அது. ஆனால் எங்கள் ஆயாவின் பெயரில் ஆயாவுக்குத் தெரியாத ஒரு 'நான்' முப்பது வருடம் ஓர் அலமாரியில் குடியிருக்கவும் அதுவே இடம் கொடுத்தது.

நம் பக்கமும் இதைச் செய்வதுண்டு, ஒளிக்க வேண்டாம். ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. அடிபட்டு வரும் தங்கத்துக்காக மனு எழுதுபவர் நம் தலைவர் காத்தமுத்து. நடந்தது ஒன்று, வழக்கு நிற்பதற்காக மனுவில் ஏறுவது இன்னொன்று. தங்கத்தின் 'நான்' அங்கேயும் தங்கத்தினுடையது இல்லை. சிவகாமி அதோடு நிற்காமல், பிற்பாடு 'ஆசிரியர் குறிப்பு' என்று எழுதி, அந்த நாவலைத் தான் சொன்ன விதத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். தன் கதைசொல்லியைத் தானே கூண்டில் ஏற்றிய எழுத்தாளர் தமிழில் வேறு யார் என்று யோசித்துப் பாருங்கள். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' புத்தகத்தையும் இந்த வரிசையில் வைக்கிறேன். வெற்றிமாறன் 'விசாரணை' என்று படமாக்கியது அதைத்தான். குண்டூரில் தெலுங்கு பேசும் போலீஸிடம் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ்த் தொழிலாளி, தன் மேல் என்ன குற்றம் என்றே தெரியாமல் அடிபட்டுக்கொண்டு சொல்லும் கதை. நம் காலத்தின் உண்மையான துப்பறியும் கதைசொல்லி அவர்தான். அடி விழும் திசையை வைத்து அவர்கள் என்ன ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று துப்பறிகிறார்.

'காஞ்சிவரம்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகளுக்குப் பட்டுச் சேலை நெய்ய, வாயில் பட்டுநூலை ஒளித்துக் கொண்டுவரும் நெசவாளி. அவர் நினைவில் ஓடும் கதையாகச் சொன்னதால்தான் அது திருட்டுக் கதையாக இல்லாமல் நம் கதையாக இருக்கிறது. முதலாளி சொல்லியிருந்தால் அது எடைக் கணக்கு.

கோப்பில் இன்னொரு தாள் இருந்தது, பிரேத விசாரணை அறிக்கை. சந்தேக மரணம் என்றால் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மதிப்புக்குரிய ஆட்கள் இரண்டு பேராவது உடலைப் பார்க்கும்போது உடனிருக்க வேண்டும் என்கிறது பழைய 174ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் 194ஆம் பிரிவில் அது அப்படியே இருக்கிறது. மதிப்புக்குரிய என்ற அந்தச் சொல்லைச் சட்டத்தில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். ஒரு கிராமத்தில் மதிப்புக்குரியவர் யார் என்று இன்ஸ்பெக்டருக்குச் சட்டப் புத்தகம் சொல்லித்தர வேண்டுமா? நம் பக்கத்தில் அவர்களைப் பஞ்சாயத்தார் என்பார்கள். எங்கள் சித்தப்பாவின் அறிக்கையில் ஐந்து பஞ்சாயத்தார். நான்கு பேர் ஊர்த் தெரு. ஐந்தாவது கையெழுத்து என் அப்பாவுடையது.

அதைப் பார்த்த பிறகு ஆறு மாதம் நாவல் பக்கமே போகவில்லை.

இந்தத் தீப்பெட்டி அளவு ஊர்களில் பிறழ்சாட்சி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை, காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நிச்சயம் தேவையில்லை. 2004 செப்டம்பரில் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே மேலாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். புதுச்சேரியில் விசாரணை நடந்தது. 80க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பரில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் நீதிமன்றம் விடுவித்தது. அப்படியானால் கொன்றது யார் என்பதற்குச் சட்டத்தில் இன்றுவரை பதில் இல்லை. அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது நம் எழுத்தாளர்கள் யாரும் கதைசொல்லியாக நினைத்துப் பார்க்கவில்லை. நம் வன்கொடுமை வழக்குகளும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சரிகின்றன. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருந்தது. எங்கள் காலனியில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சாட்சி சொல்லியிருக்க வேண்டியவர் என் அப்பா. தம்பி புறப்படும்போது கடைசியாகப் பேசியவர் அவர்.

நான்காம் பிரதியில் இதிலிருந்து தப்பிக்கப் பார்த்தேன். 'நாங்கள்' என்று காலனியே பேசுவதாக எழுதினேன். வெண்மணியைப் பற்றி மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் மனுக்களும் துண்டறிக்கைகளும் ஊரின் கூட்டுக் குரலும் மாறி மாறி வரும். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் நாவலில் 'நாங்கள்' ஒரு போர்வையாகிவிட்டது. 'நாங்கள் அழுதோம்', 'நாங்கள் பயந்தோம்' என்று எழுதலாம். 'நாங்கள் கையெழுத்துப் போட்டோம்' என்று எழுதினால் பொய். ஒருவர்தான் போட்டார். 'நாங்கள்' என்று சொல்லும்போது என் சித்தி எங்கே என்றும் தெரியவில்லை. 22 வயதில் தாலி அறுத்தவர் காலனியைத் திட்டிவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனவர், திரும்பவே இல்லை. அவர் அந்த 'நாங்கள்' வட்டத்துக்குள் வர மாட்டார்.

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை வைத்தும் யோசித்தேன். சித்தப்பா உடல் கிடைத்த அன்று இரவு முதலாளியின் ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தறிக்குழிக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். பேச்சு பாதி கேட்டது. 'முன்பணம்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பதினொரு வயதில் கேட்ட சொல். சின்னப் பையன் கதைசொல்லி என்றால் வாசகர் உருகுவார்கள். ஆனால் அந்தப் பையனுக்குக் குற்றம் எதுவும் இல்லை. குற்றமில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் பார்ப்பது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அந்த வசதியே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஆகவே இப்போது எழுதும் ஐந்தாம் பிரதியில் கதையைச் சொல்பவர் ஐந்தாவது பஞ்சாயத்தார். 'நான்' என்று அவரே சொல்கிறார். அவருக்கு முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் தெரியும். வாசகருக்கும் தெரியும். யார் கொன்றது என்பது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஓர் அண்ணன் வாயிலிருந்து தம்பிக்கு வயிற்றுவலி என்ற சொல் எப்படி வந்தது, எத்தனை படி இறங்கி வந்தது, ஒவ்வொரு படியிலும் யார் நின்றார்கள், அதுதான் துப்பு. போலீஸ் வருகிறது, ரைட்டர் வருகிறார், மருத்துவர் வருகிறார், எல்லாரும் அவர் கண்ணில்தான் வருகிறார்கள். சிரமம் ஒன்று உண்டு. அவர் தன்னை நியாயப்படுத்திக்கொண்டே இருப்பார். வாசகர் அவரை மன்னித்துவிடவும் கூடாது, புத்தகத்தை மூடிவிடவும் கூடாது. சில பக்கங்களில் அது கைகூடியிருக்கிறது, பலவற்றில் இல்லை.

மாணவர்கள் யாராவது இந்த வகையில் எழுத நினைத்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் ஊரில் மூடப்பட்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாருடைய 'நான்' யாருடைய கையால் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு மிகவும் கூச்சம் தரும் ஆளைக் கதைசொல்லியாக வைத்து ஒரு பத்துப் பக்கம் எழுதுங்கள். பிடிக்கவில்லையென்றால் கிழித்துவிடலாம். கிழிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அப்பாவுக்கு இப்போது 76 வயது. தறியை விட்டுப் பல வருடமாகிவிட்டது. கண்ணும் சரியில்லை. இந்த நாவலைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை. போன மாசி மாதம் ஒரு நாள் ராத்திரி நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா எழுதிக்கினே கீற?"

"சித்தப்பா கதை, நைனா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யார் சொல்ற மாதிரி எழுதற?" என்று கேட்டார். நான்கு பிரதியிலும் என்னோடு மல்லுக்கட்டிய கேள்வியை அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார்.

"நீ சொல்ற மாதிரி."

எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். உள்ளே டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பழைய முன்பண நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு. விரலால் தடவித் தடவி ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"இந்த மாசம் பாரு. எவ்ளோ கழிச்சிருக்காங்கன்னு இருக்குது. அதையும் எழுது."

அது சித்தப்பா இறந்த மாதம். முதலாளியின் கையெழுத்தில் ஒரு தொகை கழித்து எழுதப்பட்டிருந்தது. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தை அந்தப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.